கடைசித் தெருவிலிருந்து

1950களின் தொடக்கத்தில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி விடுதியில் ஓர் அறையில் மூன்று மாணவர்கள் தங்கியிருந்தார்கள். ஒருவர் ஸ்ரீரங்கத்து ஆசாரமான ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. இன்னொருவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். மூன்றாமவர் ராமேஸ்வரத்திலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர், அப்துல் கலாம். அந்த அறையைப் பற்றி ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் கலாம் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். விடுதியின் சைவ மெஸ்ஸுக்கு அவர் செயலாளராகவும் இருந்திருக்கிறார். கல்லூரித் தலைமைப் பாதிரியாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மெஸ்ஸுக்கு விருந்துக்கு அழைத்து, பல வீட்டுச் சமையலையும் ஒரே பந்தியில் பரிமாறியிருக்கிறார்கள்.

திருச்சிக்காரர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது. தெப்பக்குளத்தோரம் நின்று தலையைத் தூக்கினால் உச்சிப்பிள்ளையார் தெரிவார். அந்தப் பக்கம் லூர்து மாதா கோயில் கோபுரம். கொஞ்ச தூரம் நடந்தால் நத்தர்வலி தர்கா. தர்காவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மந்திரித்து வருகிற இந்துத் தாய்மார்களை இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலாமாண்டு மாணவர்களிடம் நான் அந்த விடுதி அறையைப் பற்றிச் சொல்வது வழக்கம். கைதட்டுவார்கள். கைதட்டல் அடங்கியதும் ஒரு கேள்வி கேட்பேன்: “அந்த ரூம்ல நாலாவதா ஒரு கட்டில் போட்டிருந்தா, யார் வந்து படுத்திருந்தா அந்தக் காலத்துல பெரிய பிரச்சினையாகியிருக்கும்?” வகுப்பு அமைதியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து, பின் பெஞ்சிலிருந்து யாராவது ஒருவர், பெரும்பாலும் தரையைப் பார்த்துக்கொண்டு, பதில் சொல்வார்: “காலனிலேர்ந்து வந்த பையன் சார்.” ஊருக்கு ஒதுக்குப்புறமான தலித் தெருவைத்தான் இந்தப் பக்கம் காலனி என்பார்கள்.

மதம் தாண்டிப் பழகுவது நம் கல்லூரி வளாகங்களில் எப்படியோ நடந்துவிடுகிறது. ஒரே கூரையும் ஒரே வேலையும் அதற்குப் போதும். சாதி அப்படி இளகாது. தோளோடு தோள் உட்கார வைத்தாலும், ஒரே மண்வெட்டியை இருவர் கையில் கொடுத்தாலும், வாய்விட்டுக் கேட்காதவரை அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு கலைக்கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்.

மத வெறுப்பே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. கைப்பேசி வழியாக அந்த விஷம் விடுதி அறைகளுக்குள்ளும் வருகிறது. முன்பு இல்லாத அளவுக்கு வருகிறது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவனின் வாழ்க்கை கண் முன்னால் நடக்கும்போது, அந்த விஷம் அவ்வளவு எளிதில் ஏறுவதில்லை. 2025 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் ரமலான் நோன்பு தொடங்கியது. 5ஆம் தேதி சாம்பல் புதன், கிறித்தவர்களுக்குத் தவக்காலம் ஆரம்பம். மாசி மாதக் கடைசி ஞாயிறான 9ஆம் தேதி சமயபுரத்தில் பூச்சொரிதல். அன்றிலிருந்து 28 நாள் மாரியம்மனுக்குப் பச்சைப்பட்டினி. பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்த நாள்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். மஞ்சள் உடுத்தி அம்மனோடு சேர்ந்து விரதம் இருக்கிற மாணவர்களும் உண்டு.

மூன்று விரதமும் ஒரே விடுதியில் ஒன்றாக வந்தால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்புக்கு ஆள் குறைந்துபோகும். மெஸ் மாஸ்டர் அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, விடியுமுன் நோன்பாளிகள் சாப்பிடும் சஹருக்குச் சோறு வடிக்க வேண்டிவரும். நோன்பு வைக்காத ஒருவன் தன் செல்லில் அலாரம் வைத்துக்கொண்டு, நோன்பு வைக்கிற மூன்று பேரை உலுக்கி எழுப்புவான். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும். அதைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் நோன்பாளிகள் மூன்றே பேர். மற்ற ஐந்து பேரும் கையில் வடையை வைத்துக்கொண்டு, “டேய், பாங்கு சொல்லியாச்சா இல்லையா?” என்று கேட்டபடி காத்திருப்பார்கள். பாங்கு கேட்கும்வரை ஒருவனும் வாயில் வைக்க மாட்டான். அப்படி ஒரு சட்டத்தை அவர்களுக்கு யாரும் போடவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரிகளில் மத நல்லிணக்க விழா நடத்துகிறோம். மேடையில் ஒரு சாமியார், ஒரு பாதிரியார், ஒரு இமாம். மூவருக்கும் பொன்னாடை. மூவரும் தங்கள் மதம் அன்பைத்தான் போதிக்கிறது என்பார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள், அந்த விழாவும் வேண்டும். ஆனால் அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிற மாணவனுக்குப் பக்கத்து மதத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடுவதில்லை. எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிட்டால் கேட்பதற்கு என்ன இருக்கிறது? நோன்பு நாளில் எச்சில் விழுங்கலாமா, காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள், சாம்பலை நெற்றியில் ஏன் பூசுகிறார்கள், அது எதை எரித்த சாம்பல் என்று விடுதி வராந்தாவில் ஒருவன் மற்றவனைக் கேட்கிறானே, அங்கேதான் படிப்பு நடக்கிறது. போன ஆண்டு குருத்து ஞாயிற்றுக்குப் பிடித்த ஓலையை எரித்த சாம்பல் அது என்று தெரிந்ததும், மஞ்சள் வேட்டி கட்டிய ஒரு பையன் வியந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் அப்படியே இருக்கிறது. அதன்மேல் ஒரு மரியாதையும் வந்துவிடுகிறது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டன. தண்ணீர் வடிந்த பிறகு முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களுக்குள் சேறு அள்ளிக் கழுவிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பேரிடர் நேரத்தில் மதம் குறுக்கே நின்றதாக அதிகம் கேட்டதில்லை. சாதி நின்றது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கத்து நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. உயிர் தப்பிக் கட்டிய துணியோடு நிற்கிற நேரத்திலும் இவன் யார், அவன் யார் என்று பார்க்க முடிந்திருக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமில் தங்க வேண்டும். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னத்தில் கோனார்க் கோயில் தேர்ச்சக்கரம் இருக்கும். இந்தத் திட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். நகரத்துப் பிள்ளைகள் முதன்முதலாக வயல்வரப்பில் நடப்பதும், அரசுப் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பதும், இரவு பத்து மணிக்கு ஐம்பது பேருக்குச் சோறு போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பதும் இதனால்தான் நடக்கிறது. ஆனால் 240 மணி நேரத்தை எண்ணுகிற பதிவேட்டில், அந்த நேரத்தில் என்ன கேட்டாய், என்ன கண்டாய் என்று எழுத ஒரு கட்டமும் கிடையாது.

தூய்மைப் பணி நாள் ஒன்றைச் சொல்கிறேன். மாணவர்களுக்குப் புதுக் கையுறை, புது முகக்கவசம், நீளக் கைப்பிடி வைத்த புது விளக்குமாறு. பேனர் கட்டியாயிற்று. பத்திரிகைப் புகைப்படக்காரரும் வந்தாயிற்று. அதே தெருவில் தினமும் கூட்டுகிற நகராட்சித் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் குட்டை விளக்குமாற்றோடு ஓரமாக நின்றார். வெறுங்கை. காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. வாய்க்காலிலிருந்து நாங்கள் வாரிப் போட்ட கசடைக் கடைசியில் அள்ளி வண்டியில் ஏற்றியது அவர்தான், அதுவும் கையால். எங்கள் மாணவி ஒருத்தி தன் கையுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “நாளைக்கும் இதே வேலைதானம்மா, நாளைக்கு யார் தருவா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களில் யாரிடமும் பதில் இல்லை. ஆனால் அடுத்த வாரம் அந்த மாணவி ஒன்று செய்தாள். கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தாள். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் படித்தாள். பாதுகாப்புக் கருவி தருவது யார் பொறுப்பு என்று கேட்டு நகராட்சிக்கு ஒரு தகவல் உரிமை மனுவும் எழுதினாள். தெருவைக் கூட்டியதற்கு அவள் கணக்கில் நாலு மணி நேரம் ஏறியது. மனு எழுதியதற்கு ஒன்றும் ஏறவில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய சேவை.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகள் தலைகுப்புற விழுந்தன. வீட்டுக்கு ஓர் ஆள் இறந்தது போல அந்த ஊர்களில் துக்கம். எங்கள் பிள்ளைகள் அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, பாய், சானிட்டரி நாப்கின் எல்லாம் சேர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி ஊருக்குள் நுழையுமுன்பே மெயின் ரோட்டில் ஆட்கள் வழிமறித்தார்கள். அவர்களும் பசித்தவர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ரோட்டோரத் தெருவிலேயே சாமான் பாதிக்கு மேல் தீர்ந்துபோனது. அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிகள் எத்தனையோ. ரோட்டிலிருந்து உள்ளே, வயலைத் தாண்டி, விழுந்த மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது காலனி. அங்கே ஒரு மெழுகுவத்திகூடப் போய்ச் சேரவில்லை.

அந்த ஊரில் யாரும் வேண்டுமென்று சதி செய்யவில்லை. காலனி கடைசியில் இருக்கிறது, ரோடு முன்னால் இருக்கிறது, லாரி ரோட்டில் வருகிறது. அவ்வளவுதான். ஆனால் காலனி ஏன் கடைசியில் இருக்கிறது? மின்கம்பம் நட்டுக்கொண்டு வருகிறவர்கள் அங்கே ஏன் கடைசியாக வருகிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காத சேவை, யார் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே, அநியாயத்தின் வரைபடத்தைப் பின்பற்றிப் போகிறது. அடுத்த நடையில் எங்கள் மாணவர்கள் வண்டியை மாற்றினார்கள். லாரியை வெளியூரிலேயே நிறுத்திவிட்டு, இரண்டு டிராக்டர்களில் சாமானை ஏற்றி, சுற்றுவழியில் போய்க் கடைசித் தெருவிலிருந்து கொடுத்துக்கொண்டே ரோட்டுக்கு வந்தார்கள். அந்த யோசனையைச் சொன்னவன் பேராவூரணிப் பக்கத்துக் காலனிப் பையன். அவனுக்குத்தான் அந்த ஊரின் பின்வாசல் தெரியும்.

இனி முகாம். மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கல். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்புப் படிவம் நிரப்புவது அந்த நாளின் வேலை. நாலைந்து பேர் கொண்ட ஒரு குழு காலனிக்குப் போனது. நல்ல வெயில். ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே, நீட்டாமல், “குடிப்பீங்களா சாமி?” என்று கேட்டார். பேரன் வயதுப் பையன்களைப் பார்த்து ஒரு பாட்டி அப்படிக் கேட்டார். குடிப்பீர்களா என்பதற்குள் எத்தனை வருஷத்து அனுபவம் இருக்கிறது என்பது அந்தக் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த முஸ்லிம் மாணவன் ஒருவன் வாங்கி மடக்கு மடக்கென்று குடித்தான். இன்னும் இரண்டு பேர் குடித்தார்கள். ஒருவன் மட்டும், “இப்பதான் பாட்டி குடிச்சேன்,” என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் எழுதத் தொடங்கினான். அவன் யார் தெரியுமா? ரமலானில் நோன்பு வைக்காமலே அலாரம் வைத்து நண்பர்களை எழுப்பிவிட்டவன். நோன்புக் கஞ்சித் தூக்குவாளியைப் பள்ளிவாசலிலிருந்து சுமந்துவந்தவனும் அவன்தான்.

இரவு பள்ளி வராந்தாவில் டியூப்லைட் வெளிச்சத்தில் அன்றைய வேலையைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்த மாணவனே விஷயத்தை எடுத்தான். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான்: “என் வீட்டுல பிரியாணி சாப்பிட்டிருக்க. நான் குடிச்ச கிளாஸ்ல குடிச்சிருக்க. அந்தப் பாட்டி சொம்புல என்னடா?” மற்றவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “உங்க வீட்டுல சாப்பிட்டா எங்க அப்பா பெருமையா சொல்வாரு. அங்க குடிச்சேன்னு தெரிஞ்சா என்ன வீட்டுக்குள்ள விட மாட்டாரு.”

இந்தப் பிரச்சினையைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மதம் தாண்டிய நட்புக்கு நம் குடும்பங்களில் இப்போது ஒரு கௌரவம் இருக்கிறது. சாதி தாண்டித் தண்ணீர் குடிப்பதற்கு அந்தக் கௌரவம் இல்லை, அச்சம்தான் இருக்கிறது. அதனால்தான் மதத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். சாதியை மட்டும், “தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எங்க?” என்று சுற்றிவளைத்து விசாரித்துத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்கிறோம்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவனை எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டியிருந்தால் அவன் மாறியிருக்கப் போவதுமில்லை. மறுநாள் மாணவர்களே ஒரு முடிவெடுத்தார்கள். முகாமின் மீதி நாள்களுக்குச் சமைக்கக் காலனி மகளிர் சுய உதவிக் குழுவைக் கேட்பது, கூலியை முகாம் நிதியிலிருந்து கொடுப்பது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, “பள்ளிக்கூடத்துல வேணாமே சார், பின்னால பிரச்சினை வரும்,” என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். 2018இல் அவிநாசி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை ஊரார் சிலர் தடுத்த செய்தி எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. மாணவர்கள் மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் முடிவை மாற்றவில்லை. அந்தப் பெண்கள் வைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை ஐம்பது பேரும் சாப்பிட்டோம். தண்ணீர் குடிக்காதவனும் சாப்பிட்டான். வீட்டில் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

சாதியை இந்து மதத்துக்கு மட்டும் எழுதிவைத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. எங்கள் திருச்சியிலேயே மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நிற்கும் சுவரை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக் கூடாதாம். மாணவர்கள் இந்தச் சுவரைப் பற்றிக் கேட்கும்போது கிறித்தவப் பிள்ளைகள் தலைகுனிவார்கள். தலைகுனிய வேண்டியது அவர்கள் இல்லை. ஆனால் கேள்வி அவர்கள் முன்னால்தான் கேட்கப்பட வேண்டும். அவர்கள்தான் நாளை பங்குப் பேரவையில் உட்காரப் போகிறவர்கள்.

மதமும் நீதியும் முட்டிக்கொள்கிற இடம் மாணவர்களின் சான்றிதழிலேயே இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களாகவும் முஸ்லிம்களாகவும் மாறிய தலித்துகள் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரே தெரு, ஒட்டினாற்போல இரண்டு வீடு, இரண்டு வீட்டுத் தகப்பன்மாரும் ஒரே செங்கல் சூளையில் வேலை. ஒருவன் மகன் எஸ்.சி., இன்னொருவன் மகன் பி.சி. ஊரில் டீக்கடை பெஞ்சில் இருவரையும் உட்கார விடாதவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு மட்டும் தெரியும்: அடி ஒன்றுதான் என்றாலும் பாதுகாப்பு ஒருவனுக்குத்தான். இந்தக் கேள்வியை ஆராய ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. என் வகுப்பில் இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மத நல்லிணக்க விழாவில் இதைப் பேச ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டபோது, நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்று பதில் வந்தது.

சாப்பாட்டுப் பந்தி நமக்குப் புதிய பிரச்சினையில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன், தேசபக்தர் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று தெரியவந்தபோது தமிழ்நாடே கொதித்தது. காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் வாங்கி நடத்துகிற இடத்தில் பந்தி வேறாக இருக்கக் கூடாது என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் நின்றார்கள். காந்தி வரை போனது. ஐயர் 1925இல் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் மாண்டார். மகத்தான மனிதருக்கு நேர்ந்த துயர முடிவு அது. அவருடைய தேசபக்தியில் யாருக்கும் சந்தேகமில்லை. அது பந்தியைச் சமமாக்கப் போதவில்லை. அடுத்த தலைமுறைக்குச் சேவையும் தியாகமும் கற்றுத்தரத் தொடங்கிய ஒரு நிறுவனம் சாப்பாட்டுத் தட்டில் தடுக்கி விழுந்ததை, திட்ட அலுவலர்களுக்கான பயிற்சியில் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதெல்லாம் பழங்கதை என்கிறவர்கள் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் முன்னால் அந்தப் பகுதியில் இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் இருப்பது வெளியே வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடுக்கச் சொன்னது. அந்தக் கைக்கயிற்றோடு வளர்ந்த பிள்ளைகள்தான் கல்லூரிக்கும் வருகிறார்கள். இங்கே வந்ததும் கயிற்றைக் கழற்றிவிடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் அது பத்திரமாக இருக்கிறது.

இந்தப் பிள்ளைகள்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. வெயிலில் தார்ப்பாய் சுமந்ததைப் பார்த்தவன், பாங்குக்காக வடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்ததைப் பார்த்தவன் வேறு எப்படி நினைப்பான்? அவர்களுக்கு மனம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. கேட்பதற்குத்தான் நாம் இடம் கொடுக்கவில்லை. சேவைக்கு ஒரு அறை, சமூக நீதிக்கு ஒரு அறை, மத நல்லிணக்கத்துக்கு ஒரு அறை என்று கல்லூரிக் கட்டடத்தில் தனித்தனியாகப் பலகை மாட்டி வைத்திருக்கிறோம். எஸ்.சி., எஸ்.டி. பிரிவின் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள், தூய்மைப் பணிக்கு எல்லோரும் வருகிறார்கள், நல்லிணக்க விழாவுக்கு வருகைப் பதிவுக்காக வருகிறார்கள். இந்த மூன்று பதிவேடுகளையும் ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்த ஊருக்குப் போக வேண்டும், அங்கே யார் வீட்டில் முதலில் உட்கார வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே மாறிவிடும்.

திட்ட அலுவலர்களாக இருக்கிற நண்பர்களுக்கும், தலைமை மாணவர்களாக வரப்போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமுக்கு ஊர் பார்க்கப் போகும்போது பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பு, காலனிச் சமுதாயக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே தங்குங்கள். சமையலுக்கு அந்தத் தெருப் பெண்களையே நல்ல கூலி கொடுத்து அமர்த்துங்கள். ஊர்க்காரர்களையும் அந்தப் பந்திக்கு அழையுங்கள். வருகிறவர்கள் வரட்டும், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று மாணவர்கள் இரவு பேசட்டும். பேசியதை முகாம் அறிக்கையில் எழுதுங்கள்.